விசுவாசமான கிறிஸ்தவ வாழ்க்கைக்கு எந்தெந்த நம்பிக்கைகள் கட்டாயம் வேண்டும்?

கேட்டவர் அண்மையில்தான் ஆராதனைக்குப் போகத் தொடங்கியவராம். ஒரு கூட்டத்தில் பொட்டை அழி என்கிறார்கள், இன்னொரு கூட்டத்தில் தோட்டைக் கழற்று என்கிறார்கள், எதுதான் அடிப்படை என்று தெரியாமல் குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறார்.

நான் திருகோணமலை. மெதடிஸ்த சபையில் பிறந்து வளர்ந்தவன். உப்புவெளிப் பக்கம் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். வேதசாஸ்திரம் படித்தவனில்லை, ஞாயிறு பாடசாலையில் கொஞ்சக் காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன், அவ்வளவுதான். ஆகவே ஒரு கடைக்காரன் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகக் கேட்டால், அப்போஸ்தலருடைய விசுவாசப் பிரமாணம். ஆறுதலாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வானத்தையும் பூமியையும் படைத்த பிதா. மனிதனாகப் பிறந்து, சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து, நியாயந்தீர்க்க மறுபடி வரப்போகிற குமாரன். பரிசுத்த ஆவி, சபை, பாவமன்னிப்பு, சரீரம் உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன். கத்தோலிக்கர், அங்கிலிக்கன்காரர், நாங்கள் எல்லாரும் இதில் ஒன்று. பெந்தெகொஸ்தே சபைகளில் இதை ஒப்புவிக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, ஆனால் உள்ளே இருக்கிற விஷயத்தை மறுக்கமாட்டார்கள். பொட்டு, தோடு, சினிமா ஒன்றும் இதில் கிடையாது. நான் கண்ட சபைச் சண்டைகளில் முக்கால்வாசி இதில் இல்லாதவற்றுக்காக நடந்தவை.

இதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 325-ஆம் ஆண்டு, இன்றைய துருக்கியில் இருக்கிற நிக்கேயாவில் ஆயர்கள் கூடியது ஒரே ஒரு கேள்விக்காக என்றே சொல்லலாம். குமாரனும் படைக்கப்பட்டவர்தான் என்று அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற குருவானவர் போதித்தார். இல்லை, அவர் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று நிக்கேயாவில் தீர்த்தார்கள். சின்ன வயதில் இதைப் படித்தபோது, சொல்லுக்காக இவ்வளவு பெரிய சண்டையா என்றுதான் நினைத்தேன். சுனாமிக்குப் பிறகுதான் விளங்கியது. ஹெலிகொப்டரில் வந்து மேலே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்தவர்களும் இருந்தார்கள். ஆரியு சொன்னது சரியென்றால் கடவுள் தான் வராமல் ஆளனுப்பினார் என்றாகிவிடும். சிலுவையில் தொங்கியதும் அனுப்பப்பட்ட ஆள்தான். அப்படிப்பட்ட கடவுளுக்கு நான் பயப்படலாம், ஆனால் என் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லமாட்டேன்.

விசுவாசப் பிரமாணத்தில் ஒரு குறையும் இருக்கிறது. குறை என்று நான் சொல்வது தவறாக இருக்கலாம். கன்னிமரியாளிடத்தில் பிறந்தார் என்று ஒரு வசனம். அடுத்த வசனத்தில் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார். நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதன் தச்சுவேலை செய்தது, மீன்பிடிகாரரோடு படகில் போனது, கடனை மன்னிக்கச் சொன்னது, காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னது ஒன்றுமே அதில் இல்லை. நானும் நீங்களும் வாழ்கிற இடம் அந்த நடுவில்தான். அதற்கு மத்தேயு 5, 6, 7 அதிகாரங்களைப் படிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்காமல் அங்கே தொடங்கினால் நல்லது.

பொட்டுக்கு வருகிறேன். என் மனைவியின் ஆட்கள் சைவம். கோணேசர் கோயில் தேருக்கு அவர்கள் போவார்கள், பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கும் ஒரு பானைப் பங்கு வரும். நான் அந்தக் கோயில் இருக்கிற சுவாமிமலைக்குப் போய்க் கும்பிடுவதில்லை, அது அவர்களுக்கும் தெரியும். பொங்கலைச் சாப்பிடுகிறேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினபோது, உன் சுயாதீனம் பலவீனமானவனுக்கு இடறலாகக் கூடாது என்றுதான் கவலைப்பட்டார். யாரைப் பார்த்து முகத்தைச் சுளிக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. இயேசு ஒருவரே மத்தியஸ்தர் என்று நம்புகிறவன் மாமியாரோடு சண்டை பிடித்து அதை நிரூபிக்க வேண்டியதில்லை.

அடுத்தது கிருபை. இரட்சிப்பு ஈவு, சம்பளமில்லை. எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் 8-ஆம் 9-ஆம் வசனங்களை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நற்கிரியைகளுக்காக நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிற 10-ஆம் வசனத்துக்கு வரும்போது சத்தம் குறைந்துவிடும். இன்ன தொகை காணிக்கை போட்டால் கனடா விசா கிடைக்கும் என்று பிரசங்கிப்பவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அது கிருபைக்கு நேர் எதிர், கடை வியாபாரம். கடை வியாபாரம் எனக்குத் தெரியும்.

சரீரம் உயிர்த்தெழுதல் என்பதை வருஷக் கணக்காக யோசிக்காமலே சொல்லி வந்தேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பில் சீயோன் சபை, கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டியில் செபஸ்தியார் கோயில், மூன்றிலும் குண்டு வெடித்தது. சீயோன் சபையில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். பிறகு நாங்கள் ஆராதனை தொடங்கியபோது வாசலில் பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். அன்றைக்கு அந்த வரியைச் சொல்லும்போது எனக்கு வாய் வரவில்லை. ஆத்துமா மோட்சம் போனது என்று சொல்வது லேசு. அந்தப் பிள்ளைகளின் உடம்பைக் கடவுள் விட்டுக்கொடுக்கமாட்டார் என்று சொல்வதுதான் விசுவாசம். இந்த இடத்தில் மன்னிப்பைப் பற்றி நான் பேசமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பேசட்டும்.

நான் பேசக்கூடியது என் சொந்தப் பாவத்தைப் பற்றி.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) நாளும்கூட. சுனாமியில் கடைக்குள் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்து போனது. அடுத்த ஞாயிறு ஜனவரி 2. மெதடிஸ்தர்களுக்குப் புதுவருஷத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1755-இல் ஆரம்பித்த வழக்கம். நிறைவாக இருந்தாலும் வெறுமையாக இருந்தாலும், எல்லாம் இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நான் உம்முடையவன் என்று சபையார் எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம். கடனுக்கு வாங்கின சேர்ட்டோடு நின்று நானும் அதைச் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

மூன்று கிழமை போகவில்லை, நிவாரணப் பட்டியலில் இரண்டு இடத்தில் பெயர் கொடுத்தேன். முகாமில் என் பெயர், மாமியார் வீட்டு விலாசத்தில் மனைவியின் பெயர். அது வேறு கிராம சேவகர் பிரிவு, பட்டியல் எழுதியதும் வேறு ஆட்கள். இரண்டிலும் சைக்கிள் வந்தது. இரண்டும் லுமாலா. ஒன்றைக் கடைக்கு எடுத்தேன். மற்றது பின் அறையில், ஹாண்டிலில் சுற்றின பொலித்தீன்கூடக் கழற்றாமல் நாலு மாதம் நின்றது. மகன் ஓட்டக் கேட்டால் ஏசுவேன். யாராவது வீட்டுக்கு வந்தால் அதன்மேல் ஒரு போர்வை.

முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் நிலாவெளிப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவர் இருந்தார், முஸ்லிம் ஆள். ‘நானா’ (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். முன்பு சைக்கிளில் பெட்டி கட்டி ஒழுங்கை ஒழுங்கையாக மீன் விற்றவர். கடல் அவருடைய சைக்கிளையும் கொண்டு போய்விட்டது. பட்டியல் எழுதின நாட்களில் அவர் உறவுக்காரர் வீட்டில் இருந்ததால் பெயர் விட்டுப்போய்விட்டது. இப்போது தலையில் பெட்டி வைத்து நடந்து விற்றுக்கொண்டிருந்தார்.

எனக்கு நித்திரை வருவதில்லை. ஒரு நாள் போதகரிடம் போய், கண்ணீரும் விட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஜெபிப்பம்” என்றார். ஜெபித்தோம். மனது லேசாகி எழும்பும்போது, “சைக்கிள் இப்ப எங்க நிக்குது?” என்று கேட்டார்.

பாவமன்னிப்பு என்ற சொல் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சிலுவையில் கடன் தீர்ந்துவிட்டது, அது உண்மை, அதில் நான் ஒரு சதமும் சேர்க்க முடியாது. ஆனால் சைக்கிள் என் பின் அறையில்தான் நிற்கிறது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த ஆயக்காரன் சகேயு மரத்தால் இறங்கி, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றபோது, இரட்சிப்பை விலைக்கு வாங்கவில்லை. அது வீட்டுக்கு வந்துவிட்டதால்தான் அவனுடைய கை திறந்தது. வெஸ்லி 1743-இல் தன் சங்கத்தாருக்கு எழுதின பொது விதிகளும் இப்படித்தான். தீங்கு செய்யாதே, நன்மை செய், ஜெபம், வேதம், திருவிருந்து, உபவாசம் ஆகியவற்றை விடாதே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. தீர்வை கட்டாத சாமானை வாங்கவோ விற்கவோ கூடாது, திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் கடன் வாங்கக் கூடாது, வாங்கும்போதும் விற்கும்போதும் அதிகம் பேசக் கூடாது என்று கடை வாசல் வரை வந்துவிடுகிறார். கடைசி விதியை எந்தக் கடைக்காரனும் முழுதாகக் கைக்கொண்டதாக நான் அறியேன்.

அடுத்த நாள் விடிய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். தருமம் செய்கிற மாதிரிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போகும் வழியெல்லாம் யோசித்தேன், பெயரும் கிடைக்கும். அவர் முகத்தைப் பார்த்ததும் அது முடியவில்லை. “நானா, இது எனக்கு வரவேண்டிய சைக்கிள் இல்லை. ரெண்டு இடத்தில பேர் குடுத்து எடுத்தது” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பொலித்தீனைக் கிழித்தார், பெல்லை அடித்துப் பார்த்தார், பின் டயரைக் கையால் அமத்தினார். “காத்து இல்லையே, மொதலாளி. பம்ப் இரிக்கா?” என்றார்.

இப்போதும் எங்கள் ஒழுங்கைக்கு அவர்தான் மீன் கொண்டுவருகிறார், மோட்டார் சைக்கிளில். எனக்கு மட்டும் கடன் தரமாட்டார்.