டர்ட் ராலி 2.0: கொண்டையூசி வளைவில் சுழலும் வண்டி
ஹட்டன் நண்பருக்கு வணக்கம். டர்ட் ராலி 2.0 என்ற கார்ப் பந்தய வீடியோ விளையாட்டை விசைப்பலகையில் ஆடும்போது கொண்டையூசி வளைவுகளில் வண்டி சுழல்வதாகவும், இணையம் அறுந்தால் போட்டிகளில் படிப்படியாக முன்னேறும் கெரியர் பிரிவு இயங்குவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விசையைத் தொட்டதும் அக்சிலேட்டரும் பிரேக்கும் முழு அளவில் இயங்குவதால், அரைவாசி மிதிக்க வழியின்றிச் சரளைப் பாதையில் சக்கரங்கள் பிடியிழக்கின்றன. அரைவாசி அழுத்தக்கூடிய விசைகள் கொண்ட கைக்கருவியான கேம்பேட், பழையது ஒன்றாவது வாங்குங்கள். அதுவரை முன்சக்கர இழுவையுள்ள, வலுக்குறைந்த வண்டியை எடுத்து, றம்பொடை வளைவுகளில் நல்ல பஸ் சாரதி செய்வதைப் போல, திரும்புவதற்கு முன்பே நேர்கோட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இணையப் பிரச்சினையோ 2019இல் வெளிவந்த இவ்விளையாட்டின் கட்டமைப்பிலேயே உள்ள குறை; மழைக்காலத்து மலையக இணைப்பை நம்பியிருக்கும் நமக்கு அது பெரும் எரிச்சல்தான். ஆனாலும், முன்னே சென்ற வண்டிகள் உழுதுவிட்ட தடங்களில், பின்னால் தொடங்குபவரின் ஸ்டீயரிங் தடுமாறும் அந்தப் பரபரப்புக்காகவே நான் இதைக் கைவிடவில்லை. இணைப்பில்லாத நாட்களில், விரும்பிய பாதையைத் தேர்ந்து ஓட்டும் ஃப்ரீ பிளே பிரிவில் நியூசிலாந்துப் பாதைகளை ஓட்டிப் பழகுங்கள்.