எந்தக் கேப்சூல் நல்லது?

கேள்வி: என் மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். இரண்டு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. வகுப்புக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. மனச்சோர்வை உணவாலேயே சரிசெய்யலாம் என்கிறார்கள். மருத்துவரிடம் போனால் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாளோ என்று பயம். ஒமேகா-3, வைட்டமின் டி கேப்சூல்களில் எது நல்லது?
(பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்)

பதில்: இரண்டு வாரம் தொடர்ந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம் இது. நீங்கள் இரண்டு மாதம் என்கிறீர்கள். முதலில் அதைச் செய்யுங்கள், அம்மா.

மனச்சோர்வு மாத்திரைகள் போதைப்பொருள்போல ஆளை ஏங்க வைப்பவை அல்ல. திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், அதனால் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான். எல்லோருக்கும் மாத்திரைதான் என்றும் இல்லை. சிலருக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதும்.

இனி கேப்சூல். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில், உடல் எடை கூடுதலாக இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, நீங்கள் கேட்கிற அதே ஒமேகா-3, வைட்டமின் டி, கூடவே ஃபோலிக் அமிலம், செலினியம் எல்லாம் சேர்த்து ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது: மனச்சோர்வு வராமல் தடுப்பதில், சத்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தோ பி12-ஓ குறைவு என்று தெரிந்தால் கதை வேறு. அந்தக் குறைவே சோர்வைக் கொண்டுவரும், ஈடுகட்டத்தான் வேண்டும். பார்க்காமலே விழுங்குவது வியாபாரிக்கு நல்லது.

உணவால் பயனே இல்லையா? இருக்கிறது. அதே 2019இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில், சோர்வும் மோசமான சாப்பாட்டுப் பழக்கமும் கொண்ட 76 இளைஞர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப் பேரை மூன்று வாரம் மட்டும் சாப்பாட்டை மாற்றச் சொன்னார்கள். காய்கறி, பழம், முழுதானியம், மீன், கொட்டைகள் கூடின. இனிப்பும் குளிர்பானமும் பதப்படுத்திய இறைச்சியும் குறைந்தன. மாறியவர்களுக்குச் சோர்வு கணிசமாகக் குறைந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: என்ன சாப்பிடுகிறோம் என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியும். மாத்திரையில் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம், தட்டில் அது நடக்காது. ஆக, குணத்தில் எவ்வளவு பங்கு காய்கறிக்கு, எவ்வளவு நம்பிக்கைக்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். எப்படியானாலும் இது சிகிச்சைக்குத் துணை, மாற்று இல்லை.

உங்கள் மகள் சாப்பிடாததால் சோர்ந்தாளா, சோர்ந்ததால் சாப்பிடவில்லையா? பசி அற்றுப்போவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. எழுந்து பல் துலக்கவே மலைப்பாக இருக்கிற பெண்ணிடம் உணவுப் பட்டியலை நீட்டினால், தோற்பதற்கு இன்னொரு பரீட்சை வைத்ததாகிவிடும். காலையில் ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் போகட்டும். மாலைக்கு மேல் காபி வேண்டாம், இருக்கிற தூக்கத்தையும் அது கெடுக்கும். இப்போதைக்கு இது போதும்.

தொலைபேசியில் “சாப்பிட்டியா?” என்பதோடு நிறுத்தாமல், “வாழவே பிடிக்கலைன்னு தோணுதாம்மா?” என்றும் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே நேரில் போய் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். நீங்கள் போய்ச் சேரும்வரை விடுதியில் யாராவது அவள் கூடவே இருக்கட்டும்.