சிறுநீரகம் தேறிய பின் எதிர்ப்பு சக்தியைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?

கேள்வி: குடியாத்தம் அருகே மல்லாட்டைக் கொல்லையில் பாடுபடும் என் தந்தைக்கு (வயது 54) கார்த்திகை மாதத்தில் கடும் காய்ச்சல் வந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்றார்கள். சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 5.2 வரை ஏறியதால் வேலூரில் மூன்று முறை டயாலிசிஸ் செய்யப்பட்டது. வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. இப்போது கிரியாட்டினின் 1.3. “கிருமி மட்டுமல்ல, அவருடைய எதிர்ப்பு அணுக்களும் சேர்ந்துதான் சிறுநீரகத்தைப் பாதித்தன” என்று மருத்துவர் சொன்னார். அப்படியானால் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் லேகியமும் கஷாயமும் கொடுக்கலாமா, அல்லது அதைக் குறைக்க மருந்து தேவையா? சிறுநீரகம் முழுவதும் குணமாகிவிட்டதாக நம்பலாமா?

பதில்: கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்கள் மருத்துவர் சொன்னது சரியே. ஆனால் அந்த அணுக்களில் ஒரு பகுதிதான் இப்போது உங்கள் தந்தையாரின் சிறுநீரகத்தைச் சீர்செய்து கொண்டும் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணிகள் கடிப்பதால் உடலில் புகும் ஸ்க்ரப் டைபஸ் கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்களைத் தாக்குகிறது. குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்னும் வடிகட்டும் நுண்ணலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் உண்டு. அவற்றின் நுண்குழல்களில் உள்ள செல்கள் இடைவிடாமல் உப்பையும் சர்க்கரையையும் மீட்டெடுக்கும் வேலையில் இருப்பதால், ஆக்சிஜன் குறைந்தால் முதலில் வாடுவது அவைதாம். இறந்துபோகும் செல்களிலிருந்து வெளியே சிந்தும் பொருள்களை உடல் அபாய அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. சில மணி நேரத்துக்குள் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. வைக்கோல் போரில் பற்றிய தீயை அணைக்க ஓடி வருகிறவர்கள் பக்கத்து வயலின் நாற்றை மிதித்துவிடுவதுபோல, கிருமியோடு போரிட வந்த அணுக்கள் பிழைத்திருக்கக்கூடிய செல்களையும் சேர்த்துச் சேதப்படுத்துகின்றன.

இதைச் சோதனையில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹமீத் ராப். அவருடைய குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், டி செல்கள் என்னும் வெள்ளணு வகை இல்லாத எலிகளின் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் தடுத்துத் திறந்தபோது, சாதாரண எலிகளுக்கு ஏற்பட்ட அளவுக்குப் பாதிப்பு ஏற்படவில்லை. அதே எலிகளுக்கு டி செல்களைச் செலுத்திய பிறகு சேதம் மீண்டும் தலைகாட்டியது. இதை மட்டும் படித்தால் எதிர்ப்பு சக்தியை அடக்கிவிடுவதே வழி என்று தோன்றும். ஆனால் அதே குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. டி செல்களிலேயே கட்டுப்படுத்தும் வகை ஒன்று உண்டு. பாதிப்புக்குப் பின் அவற்றை நீக்கினால் குணமாவது தாமதமாயிற்று, வெளியிலிருந்து செலுத்தினால் விரைந்தது. (இந்த வகைச் செல்களைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சிக்கு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வேறு இருவருடன் பகிர்ந்தளிக்கப்பட்டது.) மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் அணுக்களும் அப்படித்தான்: முதலில் அழற்சியைத் தூண்டுகின்றன, சில நாள் கழித்துத் தன்மை மாறிப் புதிய செல்கள் முளைக்கத் துணை நிற்கின்றன.

ஆகவே எந்த அணு என்பதைவிட எந்த நாளில் என்பதே பெரிய கேள்வி. ஆய்வுக்கூடத்தில் எலிக்குப் பாதிப்பு தொடங்கிய நிமிடம்கூடத் தெரியும். காய்ச்சல் கண்டு நான்கைந்து நாள் கழித்து மருத்துவமனைக்கு வரும் விவசாயியின் சிறுநீரகத்தில் எந்தக் கட்டம் நடக்கிறது என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல இயலாது. எலிகளில் பலன் தந்த மருந்துகள் மனிதர்களிடம் நடைமுறைக்கு வராமல் நிற்பதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று என்பது என் கருத்து. ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் லூபஸ் நெஃப்ரைட்டிஸ் (எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுநீரகத்தையே தாக்கும் நோய்), மருந்து ஒவ்வாமையால் வரும் சிறுநீரக அழற்சி போன்ற வேறு நோய்களுக்கு உரியவை. உங்கள் தந்தையாருக்கு அவை தேவையில்லை. அவருக்குத் தேவைப்பட்டது கிருமியைக் கொல்லும் மருந்து, அது கொடுக்கப்பட்டுவிட்டது. தீவிரமான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது ஒன்றைத் தனியாகக் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று 2023இல் வெளியான ஆய்வு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்தியதே.

லேகியம், கஷாயம் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தேறிவரும் சிறுநீரகத்தில் நமக்கு வேண்டியது அழற்சி அடங்குவது. அங்கே எதையோ கூட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் கலவைக்கு வேலையே இல்லை. அதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதது பெரிய ஆபத்து. நம் பக்கத்தில் வேலியோரத்திலும் கொல்லையிலும் காணப்படும் ஆடுதீண்டாப்பாளை, பாம்புக்கடிக்கு என்று வைத்திருக்கும் ஈசுவரமூலி ஆகிய இரண்டும் அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்தில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் நுண்குழல் செல்களைக் கொன்று சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மருந்தில் இவ்வினத் தாவரம் ஒன்று கலந்திருந்ததால் பலருடைய சிறுநீரகம் செயலிழந்த பிறகே உலகம் இதைக் கவனித்தது. தங்கம், பாதரசம் சேர்ந்த பற்பங்களும் செந்தூரங்களும் இப்போதைக்கு வேண்டாம். சமையலில் போடும் மஞ்சள், மிளகு, சீரகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவை தாராளமாக இருக்கட்டும்.

இனி அந்த 1.3. அவருடைய வயதுக்குக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 65 மில்லிலிட்டர் அளவில் வருகிறது. மோசமில்லை, முழுமையும் இல்லை. இதிலும் ஓர் ஏமாற்று உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. நீண்ட நாள் படுத்திருந்து உடல் இளைத்தவருக்கு அது இயல்பாகவே குறையும் என்பதால், உண்மையான திறன் கணக்கில் வருவதைவிடக் கீழே இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்னும் பரிசோதனையை மருத்துவர் எழுதுவார்.

பாஸ்டனைச் சேர்ந்த ஜோசஃப் பான்வென்ட்ரேயின் குழு 2010இல் காட்டிய ஒன்று இங்கே பொருந்தும். பாதிப்புக்குப் பின் நுண்குழல் செல்களில் பெரும்பாலானவை பிரிந்து பெருகி இடத்தை நிரப்புகின்றன. சில மட்டும் பிரியும் வழியில் பாதியில் சிக்கி நின்றுவிட்டு, தழும்பை வளர்க்கும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. ஒருமுறை இப்படி அடிபட்ட சிறுநீரகம் வெளிப்பார்வைக்குத் தேறிய பின்னும் சில ஆண்டுகளில் மெல்லத் திறன் இழக்க வாய்ப்பு இருப்பதற்கு இது ஒரு விளக்கம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. முன்பே சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

அதனால் காய்ச்சல் வந்த நாளிலிருந்து மூன்றாம் மாதம் முடிவில் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதமும் அவசியம் பார்க்க வேண்டும். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் எதிர்காலத்தைச் சொல்வதில் அதுதான் கூர்மையானது. 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி; கூடுதலாக இருந்தால் மீண்டும் பார்த்து உறுதிசெய்து, மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை போதும். இரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே நிற்கட்டும்.

கொல்லை வேலைக்குத் திரும்பியதும் முதுகுவலி, முட்டிவலி வரும். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் வலி ஊசியும் அவருக்கு ஆகாது. சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் குழாயை அவை சுருங்க வைக்கின்றன. சித்திரை வெயிலில் உடல் வறண்டிருக்கும்போது ஒரே நாளில்கூட இவை தீங்கு செய்யக்கூடும். அளவோடு பாராசிட்டமால் போதும். தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம், நாளுக்கு ஐந்து லிட்டர் என்று திணிக்கவும் வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடிக்கட்டும். இரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருந்தால் இளநீரையும் பழத்தையும் விலக்கத் தேவையில்லை.

ஸ்க்ரப் டைபஸ் ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்று எண்ண வேண்டாம். அந்த எதிர்ப்பாற்றல் நீண்ட காலம் நிற்பதில்லை, கிருமியின் வேறு வகைகளிடம் செல்லுபடியாவதும் இல்லை. புதரும் புல்லும் மண்டிய வரப்பில் வேலை செய்யும்போது முழுக்கைச் சட்டை அணிந்து, வீடு திரும்பியதும் குளித்து, துணியைத் துவைக்கப் போட வேண்டும். மறுபடி காய்ச்சல் கண்டால் அக்குள், இடுப்பு, அரைஞாண் கயிற்றுக்கு அடியில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாம் நாளே மருத்துவரிடம் போய், முன்பு ஸ்க்ரப் டைபஸும் டயாலிசிஸும் நடந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.