அந்தத் "தான்"

வணக்கம் அண்ணை. எனக்கு 44 வயசு, லீசிங் கொம்பனியில 19 வருஷமா வேலை. இப்ப சனி ஞாயிறுகளில கோண்டாவில் பக்கம் ஒரு கராச்சில வாகனத்துக்கு வினைல் றாப், அதுதான் பெயின்றுக்கு மேல மூடி ஒட்டுற மெல்லிய பிளாஸ்ரிக் தாள், ஒட்டப் பழகப் போறன். பழக்கிற பொடியனுக்கு 25 வயசு. ரண்டு மாசமாக் கழுவவும் துடைக்கவும் தான் விடுறான். யூரியூப்பில பாத்து ஒட்டுற முறையெல்லாம் எனக்கு விளங்கீட்டுது. போன கிழமை நான் லீசிங் குடுத்த ஒரு ஆளின்ர வானையே குந்தியிருந்து கழுவினன், அவர் பாத்துக்கொண்டு நிண்டார். மாமி "இவ்வளவு படிச்சுப்போட்டு ஸ்ரிக்கர் ஒட்டப் போறாரோ" எண்டு கேக்கிறா. வேலையை விட்டிட்டு முழுசா இறங்கலாமோ, இல்லாட்டி இந்த வயசில இது விசர் வேலையோ?
— ஒரு வாசகர், இணுவில்

அன்புத் தம்பி,

உம்மட கடிதத்தை மூண்டு நாளா வைச்சு வைச்சு வாசிச்சன். மாமியின்ர கதையை விடும். கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும் எண்டு சொல்லி வளந்த சனம் நாங்கள், அவ வேற என்னத்தைக் கேப்பா. வயசையும் விடும், 44 ஒரு வயசே.

எனக்குக் கோவம் வந்தது ஒரே ஒரு சொல்லில. "கழுவவும் துடைக்கவும் தான்" எண்டு எழுதியிருக்கிறீரே, அந்தத் "தான்".

என்ர குஞ்சியப்பு போட் எழுதுறவர். 80ஆம் ஆண்டு, எனக்குப் பதினாறு வயசு, சுன்னாகம் சந்தையில வெங்காயமும் மிளகாயும் ஏத்திக்கொண்டு கொழும்புக்குப் போற லொறியளுக்கு நெத்தியில "முருகன் துணை"யும் பின்பலகையில முதலாளியின்ர பேரும் எழுதுவார், அவற்ற "ழ"வைப் பாத்தாலே இது இன்னாற்ற கை எண்டு சனம் சொல்லும். அந்த "ழ"வைப் பழகத்தான் அவரிட்டப் போனன். வாளியும் சவுக்காரமும் தந்தார். கழுவு, காய விடு, ஈர எமரிப் பேப்பரால தேய், திரும்பக் கழுவு. முடிஞ்சுது எண்டு கூப்பிட்டா வந்து கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால தடவுவார். "இன்னும் கிடக்கு" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போயிடுவார். எனக்கு ஒண்டும் தெரியாது, அவற்ற விரலுக்குத் தெரியும். மூண்டாம் மாசம் ஒருநாள் என்னோட படிச்ச பொடியள் சைக்கிளில போகேக்க என்னைக் கண்டிட்டாங்கள். நான் வாளியைத் தள்ளி விழுத்திப்போட்டு "லொறி கழுவ நான் பிறக்கேல்லை" எண்டு அந்த மனுசனின்ர முகத்துக்கு நேர சொன்னன். அவர் ஒண்டும் சொல்லேல்லை. தூரிகையைத் துணியால துடைச்சுக்கொண்டு இருந்தார். நான் கிளறிக்கல் சோதினை எழுதி உத்தியோகத்துக்குப் போனன். பிறகு டிஜிற்றல் பிரின்ற் வந்துது, அவற்ற வேலையும் போச்சுது. அவர் செத்தாப்பிறகு எண்ணெய் தடவித் துணியில சுத்தி வைச்சிருந்த தூரிகையளை எனக்கெண்டு தந்தவை. அதால ஒரு "அ" எழுத எனக்குத் தெரியாது தம்பி, மூண்டு மாசம் அவரோட நிண்டிருக்கிறன், ஒரு "அ" தெரியாது.

அதால சொல்லுறன் கேளும். நீர் ஒட்டப்போற நல்ல காஸ்ற் வினைல் பசையைச் சேர்க்காமல் 0.05 மில்லிமீற்றர் அளவு தான் தடிப்பு, நாங்கள் எழுதுற வெள்ளைத்தாளில அரைவாசி. அதுக்கடியில ஒரு மண் துணிக்கை கிடந்தா, வெயில் பட ஒவ்வொரு நாளும் அது எழும்பி நிண்டு உம்மைப் பாக்கும். உம்மட இணுவில் செம்மண், சோளகம் வீசுற மாசங்களில அது போகாத இடம் இல்லை, கதவு ரப்பருக்குள்ள, எண்ணெய் மூடிக்குள்ள, பம்பருக்குக் கீழ எல்லாம் இருக்கும். எங்கட கிணத்துத் தண்ணி வேற சுண்ணாம்புத் தண்ணி, கழுவிப்போட்டுச் சும்மா காயவிட்டா வெள்ளைப் படையா நிக்கும். அதுக்கு மேல ஆரோ ஒருத்தர் போன வருஷம் பூசின பொலிஷும் மெழுகும், அதில இருக்கிற சிலிக்கன் கண்ணுக்குத் தெரியாது, பசை பிடிக்கவும் விடாது. அதுதான் கழுவின பிறகு ஐசோப்புரோப்பைல் அல்ககோல் போட்டு, நூல் கழராத துணியால, திரும்பத் திரும்பத் துடைக்கச் சொல்லுறது. அப்பிடித் துடைக்காமல் ஒட்டினா, ஒட்டேக்க வடிவா இருக்கும், நீரும் காசை வாங்கி வைச்சிடுவீர், ஒரு மாசத்தில ஓரம் கிளம்பும், அந்த ஓரத்துக்குள்ள தண்ணியும் மண்ணும் போகும், பிறகு முழுக் கதவையும் உரிக்கவேணும். கைபிடியின்ர ஓட்டையில நிக்கிற ஒரு சொட்டுத் தண்ணியும் இதைச் செய்யும்.

யூரியூப்பில பாத்து விளங்கீட்டுது எண்டுறீர். என்னத்தை விளங்கினீர்? ஹீற் கன் பிடிக்கிற விதத்தையும் வினைலை அழுத்தித் தேய்க்கிற ஸ்குவீஜியை இழுக்கிற விதத்தையும் பாத்திருப்பீர். வளைவுக்குள்ள இழுத்து ஒட்டின இடத்தைக் கடைசியில 90 பாகைக்கு மேல சூடாக்கவேணும், இல்லாட்டி வினைல் பழைய அளவுக்குச் சுருங்கப் பாக்கும், அதையும் அவங்கள் காட்டியிருப்பாங்கள். வினைலை வெட்டேக்க பிளேட்டைப் பெயின்றில படாமல் எவ்வளவு அழுத்துறது எண்டு எந்த வீடியோ உம்மட கைக்குச் சொல்லும்? ஒரு கீறல் விழுந்தா உப்புக்காத்தில அந்த இடம் கறள் பிடிக்கும், றாப்பைக் கழட்டுற நாளில தான் வண்டிக்காரனுக்குத் தெரியவரும். அந்தப் பொடியனுக்கு இதெல்லாம் தெரிஞ்சபடியாத் தான் உம்மட கையில இன்னும் பிளேட் தரேல்லை. 25 வயசில ஒருத்தன் அவ்வளவு பொறுப்பா இருக்கிறான், அவனைப் போய்க் குறை எழுதுறீர். நாளைக்குப் போகேக்க அவனைப் பொடியன் எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேயும்.

உம்மட ஆள் பாத்துக்கொண்டு நிண்டது எனக்கும் நோகுது, பொய் சொல்லேல்லை. 19 வருஷமா மேசைக்கு அங்கால இருந்து "சேர்" கேட்டுப் பழகின மனுசன் ரயருக்குப் பக்கத்தில குந்தியிருக்கிறது லேசில்லை. அப்பிடி இருந்தும் நீர் எழும்பி ஓடேல்லை, கழுவி முடிச்சிருக்கிறீர். அந்த வரியை வாசிக்கேக்க எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு.

வேலையை விடவேண்டாம் இப்ப. 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இல தான் திரும்ப விட்டவங்கள், பழசைப் புதுசாக்கிற ஆக்களும் இருக்கினம், புதுசை மூடிப் பாதுகாக்கிற ஆக்களும் வருவினம், தொழில் இருக்கும். ஆனா சம்பளம் வந்துகொண்டு இருந்தாத்தான் அவசரப்படாமல் பழகுவீர். நிறத்தை முழுசா மாத்தக் கேக்கிற ஆக்களிட்ட, வாகனப் பதிவுப் புத்தகத்தில இருக்கிற நிறத்தையும் மோட்டார் திணைக்களத்தில மாத்தவேணும் எண்டு முதலே சொல்லிப்போடும், பிறகு பொலிஸில அம்பிடேக்க உம்மட பேரைத் தான் சொல்லுவினம்.

பிளேட் கைக்கு வந்து முதல் கதவு ஒட்டி முடிச்சா எனக்கு எழுதும். படம் அனுப்பவேண்டாம். பஸ் ஏறி இணுவிலுக்கு வாறன், கண்ணை மூடிக்கொண்டு ஒருக்காத் தடவிப் பாக்கவேணும்.