மாடல் காட்டும் வாயு வரத்து ஏன் நிஜக் கிணற்றைவிட அதிகம்?

உங்கள் ஷேல் (களிமண் இறுகிய படிவுப் பாறை) வாயுக் கிணற்றின் உற்பத்தியோடு முதல் சில மாதங்கள் ஒத்துப்போன கணினி மாடல், அப்புறம் கிணற்றைவிட அதிக வாயு காட்டுகிறது என்றீர்கள். பாறையை உடைத்து உண்டாக்கிய விரிசலின் கடத்துதிறனை (வாயுவை எவ்வளவு எளிதாக ஓடவிடும் என்ற அளவை), ஆய்வகத்தில் அளந்த ஒரே எண்ணாக, மாறிலியாக வைத்திருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான்.

அந்த ஆய்வக எண் எப்படி வந்தது என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 13503-5 சோதனையில் வழக்கமாக ஓஹியோ மணற்கல் பலகைகளுக்கு நடுவே, சதுர அடிக்கு 2 பவுண்டு புரொப்பன்ட் (விரிசல் மூடாமல் தாங்கும் மணல் போன்ற துகள்) வைத்து, ஒவ்வொரு அழுத்தத்திலும் 50 மணி நேரம்தான் அழுத்துகிறார்கள். களிமண் மிகுந்த ஷேல் அதைவிட மென்மையானது. மணலும் பெரும்பாலும் அவ்வளவு அடர்த்தியாகப் போய்ச் சேராது. 40/70 மணலின் (சல்லடை எண் 40-க்கும் 70-க்கும் இடைப்பட்டது) துகள் சுமார் 0.2 முதல் 0.4 மி.மீ. இரண்டு அடுக்குதான் நிற்கிறது என்றால் அகலம் ஏறக்குறைய 0.6 மி.மீ.; இரு சுவரிலும் 0.1 மி.மீ. புதைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போச்சு. துகள் நொறுங்கி வரும் தூள் வேறு இடைவெளிகளை அடைக்கும்.

கிணற்றடி அழுத்தம் இறங்க இறங்க, புரொப்பன்ட் மேல் விழும் சுமை ஏறும். அதனால் கடத்துதிறனை அழுத்தம் சார்ந்த அட்டவணையாகக் கொடுங்கள். உங்கள் ஷேல் மாதிரியிலேயே அளந்தால் ரொம்ப நல்லது. பாறையின் ஊடுருவுதிறனை (பாறை தன் துளைகள் வழியே வாயுவை ஓடவிடும் திறனை) குறைத்து மட்டும் உற்பத்தி வளைவைப் பொருத்திவிடாதீர்கள், நீண்டகாலக் கணிப்பே கெட்டுவிடும்.