வார இறுதிக்கு சவானா: அட்லாண்டாக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அண்ணா, வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பணும். நேரம் போதுமா?

போதும். ஜார்ஜியாவின் கடலோர ஊரான சவானா அட்லாண்டாவிலிருந்து சுமார் 250 மைல், நாலு மணி நேரம். மேக்கன் வரை ஐ-75 நெடுஞ்சாலை, பிறகு ஐ-16. வெள்ளி மூணு மணிக்கு மேல் கிளம்பினால் மெக்டொனோ தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். மதியம் ஒன்றுக்கு முன்னால் கிளம்புங்கள், இல்லையென்றால் ஏழுக்குப் பின்னால். ஐ-16-இல் இருபுறமும் பைன் மரம்தான், கடை கண்ணி குறைவு. வழியில் வரும் டப்ளின் ஊரிலேயே கேஸ் (பெட்ரோல்) போட்டுவிடுங்கள்.

ஊருக்கு வெளியே ஐ-95 நெடுஞ்சாலைப் பக்கம் ரூம் மலிவாக இருக்கிறதே?

மலிவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊருக்குள் வந்து பார்க்கிங் தேடி அலைய வேண்டும். பழைய நகரத்திலேயே தங்கி, காரை ஒரே இடத்தில் விட்டுவிட்டு நடப்பதுதான் லாபம். கால் வலித்தால் 'டாட்' பஸ் இலவசம். ராத்திரி பார்க்கிங் கட்டணம் பெரும்பாலும் ரூம் வாடகையில் சேராது. புக் பண்ணும்போதே கேளுங்கள். தெருவில் நிறுத்தினால் கம்பத்துப் பலகையைப் படியுங்கள். தெரு பெருக்கும் நேரத்தில் கார் நின்றால், மீட்டருக்குக் காசு போட்டிருந்தாலும் டிக்கெட்தான்.

டைபீ பீச்சுக்கு எப்போது போகலாம்?

சனிக்கிழமை, காலை ஒன்பதுக்கு முன்னால். 18 மைல்தான், ஆனால் தீவுக்குப் போக யூஎஸ் 80 என்கிற ஒரே சாலை. வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் ஊர்ந்துதான் போக வேண்டும்.

அதைவிட முக்கியம், கடல் ஏற்ற நேரம். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஏழடி வித்தியாசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அதுவும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, சாலையிலேயே தண்ணீர் ஏறும். ஃபோர்ட் புலாஸ்கி (புலாஸ்கி கோட்டை) இடத்துக்கான கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள். 9.5 அடியைத் தாண்டும் என்றிருந்தால் அந்த நேரத்தைத் தவிருங்கள். உப்புத் தண்ணீரில் ஓட்டினால் காருக்குத்தான் கேடு.

வற்றத்தில் மணல் திட்டுகள் வெளியே தெரியும். பிள்ளைகள் நடந்து போய்விடுவார்கள். தண்ணீர் திரும்பும்போது முதலில் நிரம்புவது திட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளம். தீவின் இரு முனைகளிலும் நீரோட்டம் பலமானது. கடலுக்குள் நீளும் மேடைப் பாலத்தின் (pier) பக்கம் குளியுங்கள்.

திரும்பும் வழியில் புலாஸ்கி கோட்டை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்ரலில், வடக்குப் படை டைபீயிலிருந்து சுட்ட, குழலுக்குள் புரி வெட்டிய பீரங்கிகள் 30 மணி நேரத்தில் அதன் செங்கல் சுவரை உடைத்தன. சில குண்டுகள் இன்னும் சுவரில் செருகியபடியே இருக்கின்றன.

அண்ணா, மாமனார், மாமியார் வருகிறார்கள். சுத்த சைவம், முட்டிவலி வேறு.

கீரைதானே என்று வாங்கிவிடாதீர்கள். காலார்ட் கீரையைப் பன்றிக் கணுக்காலோடு வேகவைப்பது இங்கே வழக்கம். ரெட் ரைஸ் தக்காளி சாதம் மாதிரி இருக்கும், உள்ளே பேக்கன் (பன்றி இறைச்சி). சோளக் களி போன்ற கிரிட்ஸைக்கூடச் சில இடங்களில் சிக்கன் சாற்றில் கிண்டுவார்கள். 'எதில் வேகவைத்தீர்கள்' என்று கேளுங்கள்.

ஆற்றங்கரைத் தெருவான ரிவர் ஸ்ட்ரீட்டுக்கு இறங்கும் கல்படிகள் செங்குத்து, உயரமும் ஒரே சீராக இருக்காது. சிட்டி ஹாலை ஒட்டி லிஃப்ட் இருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

நவம்பர். மார்ச் 17-ஐ ஒட்டிய வாரம் வேண்டாம். செயின்ட் பேட்ரிக் ஊர்வலத்துக்கு வாடகை எகிறும்.

ஞாயிறு காலை மட்டும் மிச்சம். எதைப் பார்ப்பது?

ஆற்றங்கரையிலிருந்து புல் ஸ்ட்ரீட்டில் தெற்கே நடங்கள். ஜான்சன், ரைட், சிப்பேவா, மேடிசன், மான்டரே என்று ஐந்து சதுக்கங்கள், முடிவில் ஃபோர்சைத் பூங்காவின் 1858 நீரூற்று. ஓக் மரத்திலிருந்து விழுந்து கிடக்கும் தொங்கு பாசியைப் போட்டோவுக்காகத் தோளில் போடாதீர்கள். அதில் சிக்கர் பூச்சி இருக்கலாம். வீடு போய்ச் சேர்ந்த பிறகும் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.