நனைஞ்ச நோட்டும் ஓடிபி கையெழுத்தும்

கேள்வி: அண்ணே, நாங்க காசிமேடு. வீட்டுக்காரர் விசைப்படகு வெச்சிருக்காரு, கணக்கு வழக்கெல்லாம் நான்தான். கடம்பா (ஸ்க்விட்) எடுக்குற எக்ஸ்போர்ட் கம்பெனில எந்த தேதி, எங்க புடிச்சது, எவ்ளோ வெயிட்டுன்னு கேட்டாங்க. டிரைவர் எழுதி வெச்ச நோட்டு ஐஸ் தண்ணில நனைஞ்சு பாதி அழிஞ்சிடுச்சு, நானும் குத்துமதிப்பா போட்டு குடுத்தேன், எடை ஒத்து வரலன்னு திருப்பிட்டாங்க. இப்ப போன்லயே பதிஞ்சு கையெழுத்தும் போட்டுக்கலாம்னு சொல்றாங்களே, அது நமக்கு நல்லதா, இல்ல நம்மள வேவு பாக்கவா? அந்த கையெழுத்து செல்லுமா?
- வாசகி, காசிமேடு

பதில்: குத்துமதிப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டதால திட்டலம்மா. கம்பெனிக்காரன் சும்மா கேக்கல. ஐரோப்பாவுக்கு போற கடல் மீனுக்கு 2010 ஜனவரிலேர்ந்து கேட்ச் சர்டிபிகேட் வேணும், இங்க அத குடுக்கறது எம்பெடா, அதான் கடல் பொருள் ஏற்றுமதிய பாத்துக்குற மத்திய அரசு அமைப்பு. படகு பேரு, பதிவு நம்பர், என்ன மீன், எவ்ளோ, எங்க, எப்போன்னு அதுல இருக்கணும். 2026 ஜனவரி 10லேர்ந்து அங்க வாங்குறவங்க இத ஆன்லைன்ல ஏத்தியே ஆகணும், அந்த நெருக்கடிதான் உங்க நோட்டு வரைக்கும் வந்து நிக்குது. அவங்க ஊரு படகுங்களே 12 மீட்டருக்கு மேல இருந்தா 2012லேர்ந்து எலக்ட்ரானிக் லாக்புக்தான், தெனமும் அனுப்பணும்.

பத்து நாள் கழிச்சு கரைக்கு வந்து ஞாபகத்துல எழுதறதும் வலைய தூக்குன கையோட தட்டி விடறதும் ஒண்ணாகுமா, எடத்த ஜிபிஎஸ் பாத்துக்கும். மீன் பேரு தகராறும் இல்ல. நம்ம வஞ்சிரம் தூத்துக்குடில சீலா, கேரளால நெய்மீன், ஆனா பதியறப்ப எல்லாத்துக்கும் ஒரே கோடு, சிஓஎம்.

டவர் கிடைக்காதேன்னு கேப்பீங்க. அமெரிக்காவோட அலாஸ்கால 2005லயே இலேண்டிங்ஸ்னு மீன் கணக்க கம்ப்யூட்டர்ல பதியற முறை ஒண்ணு கொண்டு வந்தாங்க, மாநிலம், மத்திய அரசு, ஹாலிபட் மீனுக்கான கமிஷன்னு மூணு ஆபீசுக்கும் ஒரே பதிவு போதும். நடுக்கடல்ல மீன் வாங்குற படகுங்க கணக்க பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்து கரையில குடுப்பாங்க, அவ்ளோதான் விஷயம். அங்க இன்னொரு லாபமும் உண்டு, முன்னாடியெல்லாம் பேப்பர் வந்து சேந்து டைப் அடிக்கறதுக்குள்ள கோட்டா, அதாவது இவ்ளோதான் புடிக்கலாம்ங்கற அளவு, தாண்டிடும், இல்லாட்டி பயந்துட்டு முன்னாடியே சீசன மூடிடுவாங்க, இப்ப கணக்கு உடனே தெரியுது. நமக்கு கோட்டா கெடையாது, ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் தடைதான், அதனால அந்த லாபம் நமக்கு நேரா வராது.

நமக்கு வேற மாதிரி வரும். 2023 டிசம்பர்ல மிச்சாங் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆத்துலயும் எண்ணூர் முகத்துவாரத்துலயும் படிஞ்சுது, நஷ்டஈடு பேச்சு எவ்ளோ நாள் ஓடுச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி நேரத்துல போன வருஷம் இதே மாசம் இவ்ளோ மீன்பாடுன்னு தேதியோட, கையெழுத்தோட எடுத்துப் போட முடிஞ்சா யாரு மறுப்பான்?

கையெழுத்து செல்லும். 2000-ம் வருஷ ஐடி ஆக்ட்லயே, அதான் தகவல் தொழில்நுட்ப சட்டத்துலயே, அதுக்கு எடம் இருக்கு. பேப்பர்ல போட்ட கையெழுத்த போட்டோ புடிச்சு ஒட்டறது கணக்குல வராது. டிஜிட்டல் கையெழுத்து போட்டப்புறம் 400 கிலோவ 500ன்னு ஒருத்தன் மாத்துனா காட்டி குடுத்துடும், அதான் அதோட மதிப்பு. ஆனா கையெழுத்து போட போனுக்கு வர்ற ஆதார் ஓடிபிய பிரவுசிங் சென்டர் பையன்கிட்ட சொல்லிட்டு டீ குடிக்க போயிடாதீங்க, அவன் போட்டாலும் கையெழுத்து உங்க வீட்டுக்காரரோடதுதான்.

வேவு பாக்க முடியுமான்னா, முடியும், பொய் சொல்ல மாட்டேன். மீன் கெடச்ச எடத்த சொந்த மச்சானுக்கே சொல்லாத ஆளுங்க நாம. அதனால அந்த எடத்த யார் யார் பாப்பாங்கன்னு கேட்டுட்டு பதியுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

கேள்வி: கடல்ல மீன் புடிக்க ஆன்லைன்ல பாஸ் வாங்கணும்னு சொல்றாங்களே, பைபர் போட்டுக்கும் அத எடுக்கணுமா சார்?
- வாசகர், எண்ணூர்

பதில்: வேணாம். 2025 நவம்பர்ல வந்த ரூல்ஸ்படி விசைப்படகுக்கும் பெரிய மோட்டார் படகுக்கும்தான் ரியல்கிராஃப்ட்ங்கற அரசு வெப்சைட்ல ஆக்சஸ் பாஸ் வாங்கணும், பாரம்பரிய சின்ன படகுக்கு விலக்கு. பாசுக்கு பணமும் கெடையாது, யாராவது கேட்டா குடுக்காதீங்க.